ஐப்பசியில் இறுகும் கதவு



ஐப்பசி மழை பிடித்து ஒரு வாரமானால் நம் வீட்டுக் கதவுகளில் ஒன்றாவது முரண்டு பிடிக்கும். மரம் ஈரத்தைக் குடித்து அகலவாட்டில் உப்புகிறது. நீளவாட்டில் ஏறக்குறைய உப்புவதேயில்லை. ஆகையால் கதவின் பக்கவிளிம்பு நிலையில் போய் இறுகிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இடமென்று கதவின் தலையிலும் அடியிலும் நாம் வர்ணம் பூசுவதில்லை. ஈரம் சுலபமாய் ஏறுவதோ அந்த வெட்டுமுனைகளின் வழியாகத்தான்.

அறைவீட்டின் பின்கதவு இப்படி இறுகியபோது நான் ஆசாரியிடம், "இரண்டு இழைப்பு இழைத்துவிடும்" என்றேன். அவரோ இழைப்புளியைத் தொடவேயில்லை. "சாமி, இப்போ இழைச்சா பங்குனியில சந்து விழும். செதுக்கினதை ஒட்ட முடியுமா?" என்றார். நிலையின் உட்புறத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தார். மேல் மூலையில் மட்டும் வெள்ளை ஒட்டியிருந்தது. மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவே சாய்ந்திருக்கிறது! துளையில் மூங்கில் சிம்பை வச்சிரம் தோய்த்து அடைத்து, திருகாணியை மறுபடி முறுக்கினார். விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். ஒரு சுருள் மரமும் கீழே விழவில்லை.

அன்று முதல் எனக்கு ஒரு கேள்வி. மனிதரிடத்தில் நாம் இழைப்புளியை எடுக்க எவ்வளவு அவசரப்படுகிறோம்! மனைவியை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகாதவன் சிடுசிடுக்கிறான். உடனே அவன் குணமே அப்படி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஈரம் வற்றும்வரை காத்திருந்தால் என்ன?

ஆனால் இதையே முடிவாகச் சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. காரணம், நான் பார்த்த ஒரு வீடு. ஆவணியில் கல்யாணத்துக்காக வர்ணம் அடித்த வீடு அது. படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயாரின் அறையில் ஒரே சன்னல். அது திறக்கவில்லை. "மழைக்கு மரம் உப்பியிருக்கு, தை பிறந்தா தானாச் சரியாயிடும்" என்றான் மகன். ஆசாரி எனக்குச் சொன்ன அதே நியாயந்தான். ஆனால் காற்றில்லாமல் கிடந்தவர் தாயார். பொறுமை பேசியவன் தெருப்பக்கத்து அறையில், இரண்டு சன்னல்களையும் திறந்துவைத்து உறங்குகிறவன்.

பொறுமையைத் திடம் என்னும் புண்ணியத்தின் ஒரு பகுதியாக வைத்தார் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ். சுமக்கிறவனுக்கல்லவா திடம் வேண்டும்? பிறர் முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டு நான் பொறுமைசாலி என்று சொல்லிக்கொள்ளலாமா? அப்படியானால் அங்கே இழைத்துவிடுவதே நியாயமா, பின்னால் சந்து விழுந்தாலும்? விழட்டும் என்றே நினைக்கிறேன். சந்தைப் பிறகு ஒரு சட்டம் அடித்து மறைக்கலாம். அந்தத் தாயாருக்கு இன்னொரு தை வருமென்று யார் சொல்ல முடியும்?

நான் மகனோடு வாதாடவில்லை. தாயாரைத் தெருப்பக்கத்து அறையில் படுக்கவைத்து, தை பிறக்கும்வரை நீ இங்கே படுத்துக்கொள் என்றேன். மறுக்க முடியாமல் சம்மதித்தான். மறுநாள் விடியுமுன்னே ஆசாரி வீட்டுக்கு ஆள் போயிற்று.

ஆசாரி வந்து பார்த்தார். மரம் உப்பவேயில்லை, கல்யாணத்துக்கு அடித்த வர்ணந்தான் சன்னலையும் சட்டத்தையும் சேர்த்து ஒட்டியிருந்தது. சந்தில் கத்தியை ஓட்டி ஒரு தட்டுத் தட்டினார்; சன்னல் திறந்துகொண்டது.