விசைப்பலகையும் ஊறும்

கொல்கத்தாவின் கரியாஹாட் புடவைக் கடைகளில் துணியை விரலிடையில் தேய்த்துப் பார்த்த பின்னரே விலை பேசப்படுவதற்குரிய நியாயத்தை, அதே வங்காளத்தைச் சேர்ந்த விஸ்வநாத பஞ்சானனர் 17ஆம் நூற்றாண்டில், நவ்ய நியாயம் எனப்படும் பிற்காலத் தர்க்க நெறியின் பாடநூலாகிய 'சித்தாந்த முக்தாவளி'யில் வகுத்திருக்கிறார்: கடினமும் மென்மையும் பொருள்களின் சேர்க்கையைச் சார்ந்த வேறுபாடுகளாயின் அவற்றைக் கண்ணும் அறிந்திருக்கும், கண் அறியாததால் அவை தோலுக்கு மட்டுமே புலனாகும் ஊறு, அதாவது தொடுபண்பு. இவ்வாதத்தைச் சோதிக்க விசைப்பலகை நல்ல களம். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இறங்கும் இயந்திர விசைகளுள் ஒரு வகை, பாதி வழியிலேயே சிறு தடையொன்றைத் தந்து, எழுத்து பதிவாவதை விரலுக்கு அறிவிக்க, பெரும்பாலும் 1 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் முடியும் மடிக்கணினி விசையோ ஏறக்குறைய அடியில் மோதும் தறுவாயில்தான் அறிவிக்கிறது. அத்தடை கடினமா, அசைவில் நேரும் மாற்றமா என்பதே வினா. அசைவு கண்ணுக்கும் தோலுக்கும் பொதுப்புலன் என்று நியாய நெறியினராகிய நையாயிகர்களே ஒப்புவதால், பஞ்சானனரின் வாதம் விசைக்குப் பாதியளவே செல்லும்.