அனுப்புதலும் ஒப்படைத்தலும்

ஒரு வைத்தியசாலை தன்னால் இயலாதெனக் கண்டு, நோயாளியை இன்னொரு வைத்தியசாலைக்கு அனுப்பும்பொழுது, அவரைப் பற்றிய பொறுப்பு எந்தக் கணத்தில் கைமாறுகிறது? நிர்வாகத்துக்கு இது அற்ப வினா. கடிதத்தில் கையொப்பம் விழுந்ததும் ஒரு பதிவேட்டில் பெயர் நீங்கும், மற்றொன்றில் ஏறும். அவ்விரு பதிவேடுகளுக்கும் இடையே, வழியில் கிடக்கும் மனித உயிர் யாருடைய பொறுப்பு என்பதே நாம் எழுப்பும் வினா.

இதனைப் பிரசவத்தை வைத்து ஆராய்வதற்குக் காரணமுண்டு. பிள்ளை பெற்றபின் கடுங் குருதிப்பெருக்குக்கு உள்ளான தாய், சிகிச்சையின்றேல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே இறந்துவிடக்கூடும். இங்கு வழிப்பயணமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நமது நாடு இத்துறையில் ஈட்டிய வெற்றி சாதாரணமானதன்று. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மடிந்தனர். 2010களின் நடுப்பகுதியில் அத்தொகை 40க்கும் கீழே இறங்கிற்று. கிராமந்தோறும் சென்ற மருத்துவமாதுகளும், இலவச வைத்தியமும், பெண்கள் பெற்ற கல்வியும் இதனைச் சாதித்தன. செல்வந்த நாடாகும்வரை காத்திராமலே இது கைகூடியது என்பதை நம் மாணவர் மறத்தலாகாது. ஆயினும் சராசரி என்பது ஒரு திரை. அது தாழத் தாழ, எஞ்சியுள்ள மரணங்கள் எங்கே, எவரிடையே நிகழ்கின்றன என்பது கண்ணுக்குப் புலப்படாது போகிறது.

நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். அங்கே வைத்தியசாலை உண்டு. சத்திரசிகிச்சை செய்யும் மகப்பேற்று நிபுணர் இல்லை. சிக்கல் தோன்றினால் தாயைப் படகிலேற்றி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடல்வழியே குறிகாட்டுவானுக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் வாணர் தாம்போதியையும் பண்ணைத் தாம்போதியையும் தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் நாளில், அதுவும் இரவில், இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

1994இல் தாடியஸ், மெயின் என்னும் இரு ஆய்வாளர்கள் தாய் மரணங்களுக்கு மூன்று தாமதங்களைக் காரணமாக வகுத்தனர்: வைத்தியம் நாட முடிவெடுப்பதில் தாமதம், சென்றடைவதில் தாமதம், சென்ற இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பயனுள்ள பகுப்புத்தான். ஆனால் ‘தாமதம்’ என்ற சொல்லில் நமக்கொரு குறை உண்டு. கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அது நழுவிவிடுகிறது. தேயிலைத் தோட்டங்களில் பாதைகள் கொழுந்து தொழிற்சாலைக்குப் போவதற்காக அமைந்தவை. லயத்திலிருந்து நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக அன்று. அப்படியிருக்க, கர்ப்பிணி கொழுந்து லொறியில் ஏற்றப்பட்டால் அதைத் ‘தாமதம்’ என்பதா, வேறு பெயர் சொல்வதா?

எல்லாவற்றுக்கும் அமைப்பே காரணம் என்று கூறி ஒதுங்குவதும் நேர்மையாகாது. நம்மவரிடையே இந்த ஒதுங்கல் சற்று அதிகம். சிறிய வைத்தியசாலையிலுள்ள வைத்தியர் தாயை வைத்திருந்தால் பழி அவருக்கு. அனுப்பிவிட்டால் பழி வழிக்கு. ஆகவே கடிதம் கேடயமாகிறது. அனுப்பத் தேவையில்லாதவர்களும் அனுப்பப்படுகின்றனர். பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதி நிரம்பி வழிய, உண்மையில் அவசரமானவள் அக்கூட்டத்திலே ஒருத்தியாகிக் காத்திருக்கிறாள். அங்கே ஏற்பவரோ, “இதற்கெல்லாமா அனுப்புவது?” என்று ஒருநாளும், “ஏன் இவ்வளவு பிந்தி அனுப்பினீர்?” என்று மறுநாளும் கடிந்துகொள்கிறார். கடிந்து பேசப்பட்ட இளம் வைத்தியர் அடுத்த முறை தொலைபேசியை எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவள், அவ்விருவரையும் அறியாத ஒரு பெண்.

எனவே அனுப்புதல் வேறு, ஒப்படைத்தல் வேறு என்போம். ஏற்பவர் ஏற்கும்வரை பொறுப்பு அனுப்பியவரிடமே உள்ளது. வலிப்பு கண்டவளுக்கு மக்னீசியம் சல்பேற்றின் முதல் ஊசியைப் போட்டே ஏற்ற வேண்டும்; எவ்வளவு மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும்; முன்னரே பேசி அங்கே குருதியையும் சத்திரசிகிச்சைக் கூடத்தையும் ஆயத்தப்படுத்த வேண்டும்; பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே செல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடமை உண்டு. தாய்க்கு என்ன நேர்ந்ததென்று அனுப்பியவருக்குப் பதில் எழுத வேண்டும். இப்பதில் இல்லாதவிடத்துத் தம் முடிவு சரியா பிழையா என்பதை அவர் கற்பது எங்ஙனம்?

தூரத்தை முன்கூட்டியே வெல்லும் வழியும் உண்டு. ஆபத்துக்குரிய கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு முன்பே வந்து ஆஸ்பத்திரியருகே தங்கும் தாய்மை இல்லங்களைக் கியூபா 1962இல் தொடங்கிற்று. தங்குமிடம் மட்டும் கொடுத்தாற் போதாது. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, இழந்த நாட்கூலியை யார் ஈடுசெய்வது என்பவற்றுக்கும் விடை வேண்டும்.

நாம் சொன்ன விதியை நெடுந்தீவு போன்ற இடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முட்டுப்பாடு எழும். கடமையிலுள்ள ஒரே மருத்துவமாது படகில் கூடச் சென்றால், அவர் திரும்பும்வரை கரையிலுள்ள மற்றக் கர்ப்பிணிகளுக்கு யார்? செல்லாதிருந்தால் படகிலுள்ளவளுக்கு யார்? இதனை அந்த ஒரு பெண் ஊழியரின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டு, அறப் பிரச்சினை என்று பெயரிட்டுப் பேசுவது வசதியானது. இரண்டாவது மருத்துவமாதுக்கு நியமனமும் சம்பளமும் தங்குவதற்கு வீடும் ஒதுக்கப்பட்டால் அந்தப் பிரச்சினையே எழாது. அந்த ஒதுக்கீட்டை மறுக்கும் கை கொழும்பில் இருக்கிறது, படகிலே இல்லை.