எருவும் அயலானும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலத்துக்கு எரு இடுகிற பண்ணை எதுவானாலும், அங்கே நாலு மாடு நின்றாலும் நானூறு மாடு நின்றாலும், எழுதி வைத்த எரு மேலாண்மைத் திட்டம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எந்த வயலுக்கு, எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில், ஏக்கருக்கு எவ்வளவு என்று அதில் குறித்திருக்க வேண்டும். பண்ணையின் வரைபடத்தில் ஓடையும் கிணறும் தெரிய வேண்டும். ஓடைக்கரையிலிருந்து 100 அடிக்குள் எரு இடக்கூடாது. கரையோரம் 35 அடி அகலத்துக்கு நிரந்தரமாகப் புல்லோ மரமோ வளர்த்திருந்தால் அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நிலத்தின் பரப்புக்குக் கால்நடை மிகுந்துபோன பண்ணைகளுக்கு 1993-இல் வந்து 2005-இல் மாற்றி இயற்றப்பட்ட ஊட்டச்சத்து மேலாண்மைச் சட்டம் இன்னும் இறுக்கமானது: ஏக்கருக்கு 2,000 பவுண்டுக்கு மேல் கால்நடை எடை இருந்தால், சான்று பெற்ற வல்லுநர் எழுதிய திட்டமும் அதற்கு ஒப்புதலும் வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அலுவலகக் காகிதம். ஆனால் அந்த மாநிலத்தின் லாங்காஸ்டர் கவுண்டியில் இதே காகிதம் ஒரு சமயக் கேள்வியைக் கிளப்பியிருக்கிறது.

அங்கே பால்மாடு வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும் பங்கினர் ஆமிஷ் கிறிஸ்தவர்கள். குதிரையும் கோவேறு கழுதையும் பூட்டி உழுகிறவர்கள். ஊர் மின்கம்பியை வீட்டுக்குள் விடாதவர்கள். உலகத்தின் ஆட்சி வேறு, இறைவனின் ஆட்சி வேறு என்று பிரித்து வாழ்வது இவர்கள் முன்னோரின் போதனை. விவசாயம் இவர்களுக்குப் பிழைப்பு மட்டுமல்ல. முதல் மனிதனைத் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் இறைவன் ஒப்படைத்ததாக ஆதியாகமம் சொல்கிறதே, அந்த ஒப்படைப்பைத் தொடர்கிற வாழ்க்கை. அப்படி வாழ்கிறவரிடம் போய், உன் தொழுவத்துச் சாணத்தை எங்கே எவ்வளவு போடலாம் என்று எழுதித் தரும்படி அரசு கேட்கலாமா? படைத்தவனுக்கும் உழவனுக்கும் நடுவில் உள்ள கணக்கில் மூன்றாமவருக்கு என்ன வேலை? கேட்கலாம் என்பதே என் முடிவு. அந்தக் கணக்கில் மூன்றாமவர் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருப்பதால் கண்ணில் படாமல் இருக்கிறார்.

எரு நிலத்துக்கு நல்லது என்பதில் எந்தச் சமயத்துக்கும் ஐயம் இருந்ததில்லை. உழுவதைவிட எருவிடுவது நன்று என்று வள்ளுவரே சொல்லி வைத்தார். அந்த நம்பிக்கைக்கு அடியில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு. மாடு தின்றது அந்த நிலத்துப் புல். சாணம் திரும்பியது அதே நிலத்துக்கு. எடுத்ததைத் திருப்பி வைக்கும் வரைக்கும் எவ்வளவு போட்டாலும் தப்பில்லை. லாங்காஸ்டரில் இந்த வட்டம் உடைந்துவிட்டது. நிலத்தின் விலை ஏறி, தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகி, சின்னப் பண்ணையில் பிழைக்க வேண்டுமானால் மாடும் கோழியும் கூட்டியாக வேண்டிய நிலை. அவற்றுக்குத் தீவனத்தில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருகிறது. எங்கோ விளைந்த மக்காச்சோளத்தின் தழைச்சத்தும் மணிச்சத்தும் இந்த ஊர் மாட்டின் வயிற்றுக்குள் புகுந்து இந்த ஊர் வயலில் இறங்குகின்றன; வந்த இடத்துக்குத் திரும்புவதில்லை. கறவை மாடு ஒன்று நாளொன்றுக்குச் சாணமும் மூத்திரமுமாக 50 கிலோவுக்கு மேல் போடும். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைக் கணக்கிட்டு அதை இட்டாலும், மணிச்சத்து தேவைக்கு மிஞ்சி மண்ணில் ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் எருவில் இருக்கும் விகிதம் வேறு, பயிர் கேட்கும் விகிதம் வேறு. கண்ணுக்கு இது தெரியாது. வயல் பச்சையாகவே இருக்கும். மண்ணை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். தாத்தா செய்ததையே செய்கிறேன் என்று பேரன் மனதறிந்து சொல்லலாம். கை செய்கிற வேலை அதேதான். சாணத்துக்குள் இருப்பது மட்டும் வேறு ஊரின் விளைச்சல்.

பனிக்காலத்துக் காலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். எருவைச் சேர்த்து வைக்கத் தொட்டி இல்லாத பண்ணையில் அன்றன்றைய சாணத்தை அன்றன்றே வெளியேற்றியாக வேண்டும். கோவேறு கழுதைகள் இழுக்கும் எரு வண்டி வயலில் போகிறது. பின்னால் சாணம் சிதறி விழுகிறது. கீழே தரை இறுகிக் கிடக்கிறது, மண் அதை உள்ளே வாங்கவில்லை. பிறகு ஒரு நாள் வெயில் அடித்துப் பனி உருகும்போது, சரிவில் பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கி ஓடையில் சேர்கிறது. ஓடை கோனஸ்டோகா ஆற்றுக்கும், அது சஸ்குவெஹானாவுக்கும், அது செசபீக் விரிகுடாவுக்கும் போகிறது. அந்த விரிகுடாவின் நன்னீரில் ஏறத்தாழ பாதி சஸ்குவெஹானா தருவது. அங்கே பாசி பெருகி, செத்து, அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. நண்டும் சிப்பியும் மூச்சுக்குத் தவிக்கின்றன. இதனால்தான் 2010-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, விரிகுடாவுக்குள் ஆண்டுக்கு எவ்வளவு தழைச்சத்தும் மணிச்சத்தும் வண்டலும் போகலாம் என்று ஆறு மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் வரம்பு வைத்தது. கேடு தொலைவில் மட்டும் இல்லை. லாங்காஸ்டர் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மேலே விழுவது சீக்கிரம் நிலத்தடிக்கு இறங்கிவிடும். எருவின் தழைச்சத்து நைட்ரேட்டாகிக் கிணற்று நீரில் சேரும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு, அதிலுள்ள நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பதே கைக்குழந்தைகளை நினைத்துத்தான். அது மிஞ்சினால் குழந்தையின் இரத்தத்துக்குப் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குறைந்து உடல் நீலம் பாரிக்கும்.

இனி, நேர்மையான மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது மனசாட்சி பற்றியது: நல்லதுதான் என்றாலும், அரசின் கட்டளையால் செய்யும்போது அது பக்தியாகுமா? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆமிஷ் வாழ்க்கையே கட்டளைகளால் நெய்யப்பட்டது. தொப்பியின் விளிம்பு முதல் வண்டியின் அமைப்பு வரை ‘ஓர்ட்னுங்’ என்ற சபை ஒழுங்கு வகுக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன்னால், சபை கூடி அதற்கு உடன்பாட்டைப் புதுப்பிக்கிறது. தன் விருப்பத்தை விட்டுக்கொடுப்பதே பக்தியின் வேர் என்று இவர்கள் போதிக்கிறார்கள். அப்படியானவர்களுக்கு வரம்பு என்பது அன்னியச் சரக்கு ஆகாது. மேலும், இவர்கள் மதிக்கும் 1632-ஆம் ஆண்டு டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையே, இறைவனின் கட்டளைக்கு மாறாத வரையில் அரசுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. ஓடையிலிருந்து 100 அடி தள்ளி நில் என்பது எந்தக் கட்டளைக்கு மாறானது? வழிமுறையில் மனசாட்சிக்கு இடம் வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மினசோட்டா மாநிலத்தில் கழுவுநீரைச் சுத்திகரிக்க நவீனத் தொட்டி வைக்கச் சொன்னபோது, அங்குள்ள ஆமிஷ் மக்கள் மரச்சில்லு நிரப்பிய குழியில் வடிகட்டுகிறோம் என்று மாற்று சொன்னார்கள். 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. எப்படித் தூய்மை செய்வது என்பதில்தான் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. செய்யவே மாட்டோம் என்று சொல்லவில்லை. மனசாட்சிக்கு உரிய இடம் அங்கேதான்.

இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. மலிவான பால் வேண்டும் என்கிற நகரத்துக்காரர் ஒன்றும் எழுத வேண்டாம். நாற்பது மாடு வைத்திருப்பவர் மட்டும் வரைபடம் போட்டு, தொட்டி கட்டிக் கடன்பட வேண்டுமா? இது அநியாயம்தான். எருத்தொட்டிக்கும் கரையோர மரத்துக்கும் ஆகும் செலவைப் பால் குடிப்பவரும் சுமக்க வேண்டும். அரசுப் பணத்தைத் தொடத் தயங்குகிற சபைகளுக்கு, அவர்கள் மனம் ஒப்பும் வேறு வழியில் அது போய்ச் சேர வேண்டும். ஆனால் சுமையைப் பங்கிடச் சொல்வது ஒன்று, கடமையையே மறுப்பது இன்னொன்று. என் பண்ணை சிறியது, என் சாணம் விரிகுடாவை என்ன செய்துவிடும் என்ற பேச்சும் நிற்காது. அந்தத் தண்ணீர் கெட்டது இப்படிப்பட்ட ஆயிரமாயிரம் சிறுசுகள் சேர்ந்தும்தான். யார் என் அயலான் என்று கேட்டவருக்கு இயேசு, வழியில் அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாத ஒருவனைக் காட்டினார். அவனாவது பாதையோரத்தில் கண்ணெதிரே கிடந்தான். விரிகுடாவில் சிப்பி அள்ளுகிறவர் இந்த உழவரின் பாதையில் ஒருநாளும் குறுக்கிடமாட்டார். காணாத ஒருவர்மேல் அன்பு வைக்க உள்ளம் மட்டும் போதாது. அவருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்கிற கணக்கும் வேண்டும். எரு மேலாண்மைத் திட்டம் அந்தக் கணக்கு.

நிலத்தடியில் இறங்கிய நைட்ரேட் உடனே ஓடைக்கு வந்துவிடாது. சில இடங்களில் சில வருடம், சில இடங்களில் பல பத்தாண்டுகள் பாறைக்குள் ஊர்ந்து கிடந்துதான் வெளியே வரும். இந்தப் பனிக்காலத்தில் மிகையாக இட்ட எருவை நீரில் குடிக்கப் போகிறவர்களில் சிலர் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் வந்து ஆட்சேபம் சொல்ல முடியாது. அதனால் அவர்களுக்கு உரிய அளவை இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். எழுதச் சொல்லும் சட்டம் நியாயமானது.