பூநாரைக்கு ஏழு மணி

நகரி மலையடிவாரத்தில் கிளம்பிப் பழவேற்காட்டில் முடிகிற ஒரு பயணத்துக்கு எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். நேராக ஓட்டினால் அரை நாள் வேலை. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதை மூன்று நாளாக நீட்ட வேண்டும் என்பது என் ஆசை. தம்பி மகனுக்கு ஊட்டியிலிருந்து இறங்கி, சேலம், வேலூர் வழியாக நாற்கரச் சாலையில் பறந்து வந்து கடலைப் பார்க்க வேண்டும். அப்படி வந்தால் சுங்கச்சாவடிகளைத் தவிர எதுவும் மனதில் நிற்காது என்று வாதாடி அவனைச் சம்மதிக்க வைத்தேன். ஏதாவது ஓர் ஆற்றோடு சேர்ந்து இறங்குவோம், அது ஆரணியாறாக இருக்கட்டும் என்றேன்.

ஆரணியாறு பெரிய ஆறு இல்லை. ஆந்திரத்தின் நகரி, நாகலாபுரம் பக்கத்து மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஆனால் வழியெல்லாம் சங்கதி இருக்கிறது. நாகலாபுரத்தில் பெருமாள் இடுப்புக்குக் கீழே மீனாக நிற்கிறார், மச்சாவதாரம். சுருட்டப்பள்ளியில் ஆலகால விஷம் குடித்த சிவன் களைத்துப்போய் அம்பாள் மடியில் தலைசாய்த்துப் படுத்திருக்கிறார். பெரியபாளையத்தில் ஆடி மாதம் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கூட்டம் பவானி அம்மனைச் சுற்றி வரும். மூக்கைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மலை முகட்டை அந்தக் காலத்து மாலுமிகள் கடலில் இருந்தபடியே பார்த்துக் கரையை அடையாளம் கண்டார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே தூரம் அவ்வளவுதான்.

வழி முடிவானதும் தம்பி மகன் அட்டவணை போட்டான். மூன்றாம் நாள் கட்டத்தைப் படித்துக் காட்டினான்: "பெரியப்பா, காலை ஏழு மணிக்குப் பூநாரை. பதினொன்றுக்கு டச்சுக் கல்லறை. ஒரு மணிக்கு நண்டு. நாலு மணிக்கு முகத்துவாரம்."

டச்சுக் கல்லறைக்கு நேரம் குறிக்கலாம், தப்பில்லை. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் எந்நேரமும் அங்கேதான் நிற்கும். மற்ற மூன்றுக்கும் எப்படி நேரம் குறிப்பது?

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சில்காவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்கிறார்கள். ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். கடலோடு அதைச் சேர்க்கிற முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும், பிறகு எப்போதாவது வெள்ளத்தில் உடைத்துக்கொள்ளும். முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் வராது, இறால் குஞ்சும் வராது. படகும் வெளியே போகாது. அதைத் தூர்வாரித் தரச் சொல்லிக் குப்பத்துக்காரர்கள் ஆண்டாண்டாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். பூநாரை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து இடம் மாறும். நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்க வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம்?

அப்படியானால் திட்டமே வேண்டாம், கால் போன போக்கில் போவோம் என்று சொல்கிறவன் இல்லை நான். அது விடுமுறைக்கு வந்தவனின் சொகுசுப் பேச்சு. இந்த ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்களே திட்டமில்லாமல் வலையிறக்குவதில்லை. அவர்கள் முறைக்குப் 'பாடு' என்று பெயர்.

ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போனால் சண்டைதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற பட்டினவர் ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கு வைத்து, சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பிளாஸ்டிக் ஊசியால் முடிந்துகொண்டிருந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். "நாளைக்கு நம்ம முறை சார்" என்றார். எவ்வளவு கிடைக்கும் என்றேன். ஊசியை நிறுத்தாமலே, "தண்ணி ஓட்டத்தப் பொறுத்து" என்றார். பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அங்கே யாரும் கேட்காத கேள்வி அது என்று பட்டது.

பாடு முறையில் எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது, இறாலின் எடையைத் தவிர. நாமோ எடையை எழுதிவைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம். பயணத்தில் மட்டுமா? பையன் இன்ன கல்லூரி, இன்ன வயதில் கல்யாணம், ஐம்பத்தெட்டில் ஓய்வு, அப்புறம் காசி என்று முடிவுகளை வரிசையாக எழுதிவைக்கிறோம். அவனோடு தினமும் யார் உட்கார்ந்து பேசுவது, வயதானவர்களை யார் எந்த மாதம் பார்த்துக்கொள்வது என்பதற்கு எந்த வீட்டிலாவது அட்டவணை உண்டா? முறை வைக்க வேண்டிய இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது.

பாடு குறையில்லாத ஏற்பாடு என்று தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். சீட்டில் பெயர் இல்லாதவர்களும் இதே தண்ணீரில்தான் பிழைக்கிறார்கள். இருளர் பெண்களை ஆழம் குறைந்த இடங்களில் பார்க்கலாம். தலை மட்டும் வெளியே தெரிய, உடம்பெல்லாம் தண்ணீருக்குள். பறிக்கூடையின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்துப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். வலை இல்லை, படகு இல்லை. புதிதாக வலையெடுத்தவர்களுக்கும் பாடு முறைக்காரர்களுக்கும் தகராறு வந்ததும் உண்டு. நல்ல திட்டம் என்றாலும், அதில் யார் பெயர் விட்டுப்போனது என்று பார்க்கத்தான் வேண்டும்.

கெட்டியாகத் திட்டம் போட்டவர்கள் கதையும் அங்கேயே இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் பக்கத்துப் பருத்தித் துணியை வாங்கி, கிழக்கே கொண்டுபோய் விற்று, அந்தப் பணத்தில் வாசனைச் சரக்கு வாங்கினார்கள். எந்தக் காற்றுக்கு எந்தக் கப்பல் கிளம்ப வேண்டும் என்பது முதற்கொண்டு கணக்கு. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்.

இப்போது எங்கள் அட்டவணையில் இரண்டு நாள் ஆறும் கோயிலும் சோறும் நேரப்படி இருக்கின்றன. மூன்றாம் நாள் கட்டத்தில் யார் ஓட்டுவது, அம்மாவோடு கரையில் யார் இருப்பது என்று மட்டும் எழுதியிருக்கிறது. தம்பி மகன் ஒருமாதிரி பார்த்தான், அழிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனைவிட நான் கறார். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து, உல்லாசமாக வந்த 22 பேர் இறந்துபோனார்கள். உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். நீங்களும் குடும்பத்தோடு போவதானால், யாராவது கூப்பிட்டு ஏற்றினாலும் படகில் ஏறாதீர்கள். பூநாரை நவம்பர் முதல் மார்ச் வரை வரும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலை ஏரியின் குறுக்கே போகிறது. வந்திருந்தால் காரில் இருந்தபடியே பார்க்கலாம்.