மைதானம் யாருக்கு உரியது?

இளைஞர் வழிதவறிப் போகாதிருக்க அவர்களை விளையாட்டில் ஈடுபடுத்தவேண்டும் என்பது எம்மிடையே எவரும் மறுக்காத கருத்தாகிவிட்டது. பரிசளிப்பு விழாக்களிற் பேசுவோர் போதைப்பொருளைப் பற்றிக் கூறுவர். கைத்தொலைபேசியைப் பற்றிக் கூறுவர். ஈற்றில் மைதானத்தைச் சுட்டிக்காட்டுவர். நல்லெண்ணத்தோடு கூறப்படும் இக்கருத்தினுள் ஒரு சந்தேகம் மறைந்துள்ளது. இளைஞனைக் குற்றஞ்செய்யக்கூடியவன் என முன்னரே தீர்மானித்து, விளையாட்டை அவனுக்குக் காவலாக நிறுத்துகிறோம். வாசிகசாலைக்கு வருபவனிடம், நீ களவெடுக்காதிருப்பதற்காக வாசி என்று எவரேனும் சொல்வதுண்டா? வாசிப்பைப் போல விளையாட்டும் மனிதனின் உரிமையாயின், நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அழைக்கின்ற நாம், வருகின்றவர்களுக்கு மைதானத்தில் இடம் வைத்திருக்கிறோமா?

ஆண்டின் தொடக்கத்திற் பாடசாலைகளில் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டியை நோக்குவோம். தெரிவோட்டங்கள் முடிந்ததும் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு சிலரே வீரராக எஞ்சுகின்றனர். ஒருவனே நூறு மீற்றரும் ஓடுவான், நீளமும் பாய்வான், அஞ்சலோட்டத்திலும் நிற்பான். ஏனையோர் இல்லத்தை அலங்கரிக்கத் தென்னோலையும் வண்ணக் கடதாசியும் சுமப்பர். பிரதம விருந்தினர் வரும்போது கைதட்டுவர். 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து தங்கப்பதக்கம் வென்ற யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கத்தின் பெயரை அன்று ஒலிபெருக்கி தவறாமற் சொல்லும். சொல்லவேண்டிய பெயர்தான். ஆனால், அப்பெயரைக் கேட்டு மண்ணில் ஒரு தடவையேனும் பாய்ந்து பார்க்க விரும்பும் சிறுவனுக்கு நாம் கொடுப்பது கைதட்டும் வேலையையே.

இதனைப் பிறர்மீது சாட்டி எழுத எனக்கு உரிமையில்லை. நான் இல்லப் பொறுப்பாசிரியனாக இருந்த ஓராண்டில், ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் தெரிவோட்டத்திற் கடைசியாக வந்தான். மறுநாட் காலையிலும் ஓடுபாதையில் அவனைக் கண்டேன்.

"தம்பி, உன்னைத் தெரிவுசெய்யவில்லையே?"

"தெரியும் சேர். ஓட விருப்பம்."

தெரிவானவர்கள் பழகவேண்டும் என்று சொல்லி அவனை விலக்கிவிட்டேன். அவன் மறுத்துப் பேசவில்லை. எமது மாணவர் மறுத்துப் பேசாததை நாம் ஒழுக்கம் என்கிறோம்.

பாடசாலைக்கு வெளியே விலக்கும் கை கண்ணுக்குத் தெரிவதில்லை. கரப்பந்தாட்டம் 1991இல் இந்நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. இரு கம்பமும் ஒரு வலையும் போதும். ஏழைக் கிராமத்திற்கும் எட்டக்கூடிய விளையாட்டு. ஆயினும், எம்மூர்களிற் கழகங்கள் பல குறிச்சிவாரியாக அமைந்துள்ளன. குறிச்சி என்பது பெரும்பாலும் சாதிக்கு நாம் இட்ட நாகரிகமான பெயர். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப்பிரவேசப் போராட்டத்தை மேடைகளில் நினைவுகூரும் முற்போக்காளர் எத்தனை பேர், தம்மூர்க் கழகத்தின் அங்கத்தவர் பட்டியலை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கின்றனர்? பெண்பிள்ளைகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பாடசாலையில் வலைப்பந்து ஆடியவள் படிப்பு முடிந்ததும் ஆடுவதற்கு ஊரில் இடமில்லை. கழக மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கும் துணை வேண்டும்.

எல்லோரையும் ஓடவிட்டாற் திறமை மழுங்கும் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நான் அவ்வாறு கருதவில்லை. பலர் ஓடும் இடத்திலேதான் விரைந்து ஓடுபவன் யாரென்பது சரியாகத் தெரியவரும். அவருடைய மற்றைய தடையே வலியது: நேரம் எங்கே? மாலைப்பொழுது முழுவதையும் தனியார் கல்வி நிலையங்கள் விழுங்கிவிட்டன. அங்கே கற்பிப்பவர்களும் எம்மவரே.

குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துள் ஓடிமுடிக்கும் ஒவ்வொருவரும் தம் இல்லத்திற்கு ஒரு புள்ளி சேர்க்கலாம் என்னும் விதியை இவ்வாண்டு ஆசிரியர் கூட்டத்தில் முன்வைத்தேன். நீண்ட விவாதத்தின்பின் கீழ்வகுப்புகளுக்கு மட்டும் ஏற்றுக்கொண்டனர். அம்மாணவன் இப்பொழுது பதினோராந் தரத்தில் இருக்கிறான். செய்தியைச் சொன்னேன். "நல்லது சேர்" என்றான். நான்கு மணிக்கு அவனுக்குக் கணித வகுப்பு இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.