நாற்பது வேலியும் ஒரு நல்ல மனிதரும்

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளை விட்டு மேற்கே சிதம்பரம் நோக்கி வருவோர், உப்பங்கழி மறைந்து நெல்வயல் விரிவதைக் காண்பர். சிதம்பரம் வட்டாரத்தின் நெல்வளத்துக்கு 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணை பெருந்துணையாயிற்று. அந்நூற்றாண்டில் மிராசுதார் குடும்பங்கள் செழித்தன. நிறைந்த பத்தாயம், மாடுகள் நிற்கும் கொட்டில், வழிப்போக்கர் இளைப்பாறும் திண்ணை, கோயிலுக்குக் கொடை, பசித்தவருக்கு அன்னம் ஆகியவை அத்தகைய குடும்பத் தலைவரின் அடையாளங்கள். ஊரார் அவரை நல்லவர் என்றனர். அவர் நல்லவர்தாமா?

அவரை நாம் காணத்தக்க இடம் ஒன்றுண்டு. ஆதனூர் நந்தனாரைப் பற்றிப் பெரியபுராணம் கூறும் வரலாற்றில் நிலக்கிழார் எவரும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரே, தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் பண்ணை வேதியர் ஒருவரைப் படைத்துச் சேர்த்தார். தில்லைக்குப் போக விடை கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலியையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்பது ஏறத்தாழ 266 ஏக்கர். இறையருளால் ஒரே இரவில் நிலம் முழுதும் விளைந்து நிற்கிறது. அதைக் கண்ட வேதியர் நந்தனாரின் காலில் விழுகிறார்.

இக்காட்சி நம்மை நெடுநாள் உறுத்தி வந்துள்ளது. ஓர் இரவில் நாற்பது வேலி விளைந்தது அற்புதமெனில், ஆண்டுதோறும் அதே நிலத்தை அதே கைகள் சில மரக்கால் நெல்லுக்காக விளைவித்தனவே, அது என்ன? அதைக் கண்டு எந்த ஆண்டையும் வியக்கவில்லை. எவர் காலிலும் விழவில்லை.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமையாகக் கொள்ளும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆயினும் திருமணத்துக்கு வாங்கிய கடனும், ஆண்டையின் மனையில் போட்ட குடிசையும் பண்ணையாளைக் கட்டியே வைத்தன. தந்தையின் கடன் மகனுக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் பிறந்தது.

‘அது அக்காலத்து வழக்கம், அவரைக் குறை கூறலாமா?’ என்று கேட்கலாம். குருமடத்தில் நாம் பயின்ற ஒழுக்க இறையியல், அறியாமையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாதது; அது குற்றமாகாது. மற்றொன்று, கேட்டிருந்தால் நீங்கியிருக்கக்கூடியது. அதற்கு நாம் பொறுப்பாளிகள். ஆண்டையின் திண்ணைக்கும் சேரிக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. கேட்பதற்கு ஒரு நடைதான் தேவைப்பட்டது.

பிறரை மட்டும் சுட்டுதல் நேர்மையாகாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் செல்வம் மிக்க பண்ணையார்கள் தம் அடிமைகளைக் குடும்பத்தார் என்றே அன்பாகப் பேசினர்; கடன் நெருக்கியபோது அக்குடும்பத்தாரையே விற்றனர். நம் திருச்சபையும் அதில் பங்கு கொண்டது. மேரிலாந்து இயேசு சபையினர் தம் பண்ணைகளில் இருந்த 272 பேரை 1838-இல் லூசியானாப் பண்ணையார்களுக்கு விற்றனர். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அப்பணம் உதவிற்று. மறு ஆண்டே திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்தார். அச்சபையினர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2017-இல்தான். மறைநூலை அறிந்தவர்களுக்கே கண் திறக்க இத்தனை காலம் ஆயிற்று.

லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு செல்வர் வருகிறார். நிலம் நன்றாய் விளைந்தது. களஞ்சியத்தைப் பெரிதாக்க எண்ணுகிறார். அவர் பேசுவதெல்லாம் தம்மோடு மட்டுமே. அறுத்தவர், சுமந்தவர் எவரும் அவர் நினைவில் இல்லை. அவர் எவரையும் அடித்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. காணாமையே அவர் குற்றம்.

நாமும் கண்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அறுவடை முடிந்த ஒரு வீட்டை மந்திரித்துவிட்டு விருந்துண்டோம். கொடையில் சிறந்த குடும்பம் அது. கை கழுவக் கொல்லைப்புறம் சென்றபோது, பாத்திரம் துலக்க ஒரு மூதாட்டி காத்திருந்தார். பல ஆண்டுகளாகத் திருப்பலியில் நம் கையால் நற்கருணை வாங்கியவர். அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை. அன்றுதான் கேட்டறிந்தோம்.

ஆகவே அந்த மிராசுதார் நல்லவரா என்ற வினாவுக்கு நம் விடை இது: அவர் இரக்கமுள்ளவர்; ஆனால் நீதியுள்ளவர் அல்லர். இரக்கம் தன் மிகுதியிலிருந்து கொடுக்கிறது. நீதியோ, அம்மிகுதி எவருடைய உழைப்பிலிருந்து வந்தது என்று கேட்கிறது. நம் வீட்டில் வேலை செய்பவர், நம் வயலில் நாற்று நடுபவர், நம் ஆலயத்தைப் பெருக்குபவர் ஆகியோரின் பெயரும் கூலியும் கடனும் நமக்குத் தெரியுமா? நமக்கு ஓர் இரவின் அற்புதம் வாய்க்கப்போவதில்லை. அது நேருமுன்பே நாம் கண் திறக்க வேண்டும்.