அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை!

இருபது டன் எடையுள்ள பழைய பொக்லைன் ஒன்றை விற்ற சகோதரர் நம்மிடம் வினவினார்: "ஹைட்ராலிக் பம்பு தேய்ந்திருந்தது. வாங்கியவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இது குற்றமாகுமா?"

சற்றே சிந்திப்போம். செயின், ரோலர், பின், புஷ் ஆகியவற்றின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. பம்பின் பலவீனமோ எண்ணெய் நன்கு சூடேறிய பின்னரே வெளிப்படும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு அது தெரியாது, விற்பவருக்குத் தெரியும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக வியாபாரி கூறினார். நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றே அண்ணலார் வினவினார்கள். மழை அவர் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

தேய்மானமும் அத்தகையதே. "சொன்னால் விலை குறையுமே!" என்பீர்கள். அந்தக் குறைந்த விலையே அதன் உண்மையான விலை. அதற்கு மேல் பெற்றது யாருடைய பணம்? மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணமாகவும் இருக்கலாமல்லவா?

வாங்குபவரும் இல்லாத குறையைச் சொல்லி விலையை அடித்தால், அதுவும் மோசடியே.

அச்சகோதரருக்கு நாம் கூறியது இதுவே: இன்றே சென்று உண்மையைச் சொல்லுங்கள். அவர் திருப்பித் தந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். 'கியாருல் ஐப்' எனும் அவ்வுரிமையை ஷரீஅத் அவருக்கு வழங்கியுள்ளது.